நெஞ்சுக்குள் ஒரு காவற்காரன்

இருதயத்துக்குக் கருவி பொருத்த வேண்டும் என்று வைத்தியர் கூறியதும் ஒரு குடும்பத்தில் உண்டாகும் கலக்கம் சொல்லுந்தரமன்று. அக்கலக்கத்தில் நோயாளி கேட்கவேண்டியதைக் கேட்பதில்லை. உற்றார் கேட்கத் துணிவதில்லை. எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பின்னரே, "இதனை முன்பே அறிந்திருந்தால் இத்தனை அச்சம் இருந்திராதே" என்ற எண்ணம் பிறக்கின்றது. பேஸ்மேக்கர் என வழங்கும் இதய முடுக்கியைப் பற்றி முன்னரே அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதலாவது, இக்கருவி இருதயத்தின் வேலையைத் தான் மேற்கொள்வதன்று. இருதயத்தின் வலது மேலறையில் இயற்கையாகவே மின்துடிப்பை எழுப்பும் ஓரிடம் உண்டு. அத்துடிப்புக் கீழறைகளுக்குப் பரவ, தசை சுருங்கி இரத்தம் பாய்கின்றது. முதுமையாலோ நோயாலோ அது தளர்ந்தால், அல்லது வழியில் தடைப்பட்டால், நாடி மந்தமாகும்; தலை சுற்றும்; சிலர் திடீரென மயங்கி விழுவர். கருவியோ, இருதயம் தானே ஒழுங்காகத் துடிக்கும்போது வாளாவிருந்து கவனிக்கின்றது. வைத்தியர் குறித்துவைத்த அளவுக்கு, உதாரணமாக நிமிடத்துக்கு 60 என்ற அளவுக்கு, நாடி குறையும்போது மாத்திரம் ஒரு சிறு தூண்டலை அனுப்புகின்றது. ஊர் உறங்க விழித்திருக்கும் காவற்காரனின் தொழில் அது. சிலருக்கு அவன் ஓயாது உழைக்க நேரும், சிலருக்கு எப்போதாவதுதான். ஆனால் மாரடைப்பைத் தடுப்பதோ, இரத்த அழுத்தத்தைத் தணிப்பதோ அவன் வேலையன்று. ஆகவே, கருவி வந்துவிட்டதென்று பழைய மருந்துகளைக் கைவிடலாகாது.

இரண்டாவது, பெரும்பாலும் இதற்காக மார்பைப் பிளப்பதில்லை. காறையெலும்பின் கீழே தோலை மரக்கச் செய்து, சிறு கீறலிட்டு, நாளத்தின் வழியாக மெல்லிய கம்பிகளை இருதயத்துக்குச் செலுத்துவர். இருபது முப்பது கிராம் நிறையுள்ள கருவியைத் தோலின் கீழ் வைத்துத் தைப்பர். அவ்விடத்தில் சிறு மேடு தெரியும். சில நாள் நோவும் இருக்கும். புண் சிவந்து வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ எண்ணெயும் பற்றும் பூசிக்கொண்டிராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

மூன்றாவது, கையைப் பற்றியது. கம்பிகள் நிலைபெறும்வரை, சில வாரங்களுக்கு, அப்பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தலாகாது; பாரந் தூக்கலாகாது. அதற்காகக் கையை அறவே அசையாது வைத்திருப்பதும் தவறு. எமக்கு அறிமுகமான முதியவர் ஒருவருக்குக் குடும்பத்தார் அன்பு மிகுதியால் உணவூட்டி, சட்டை அணிவித்து, மூன்று மாதம் கையை அசைக்கவே விடவில்லை. இருதயம் நலமாயிருந்தது; தோள்மூட்டு இறுகிவிட்டது. இருதயம் தந்த தொல்லையைவிட அந்தத் தோளே அவரைப் பின்னர் வருத்தியது. எவ்வளவு அசைக்கலாம் என்ற ஒரு கேள்வி முன்பே கேட்கப்பட்டிருப்பின் அத்துன்பம் நேர்ந்திராது.

நான்காவது, வீட்டுச் சாமான்கள். வானொலி, தொலைக்காட்சி, மின்விசிறி முதலியவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. கைத்தொலைபேசியைக் கருவிக்கு மேலுள்ள சட்டைப்பையில் வையாது, மறுபக்கத்துக் காதில் வைத்துப் பேசுக. காந்தத்தால் சூடேற்றும் மின்னடுப்புக்கு இரண்டு அடி விலகி நிற்பது நன்று. விமான நிலையச் சோதனை வாயிலில் தாமதியாது கடந்து செல்லலாம். கருவியின் விபரம் எழுதிய அட்டையை எப்போதும் உடன்கொண்டு, எந்தச் சிகிச்சைக்கு முன்னும், சிறப்பாகக் காந்தப் படப்பிடிப்புக்கு முன்னர், அதனைக் காட்டுதல் அவசியம்.

மின்கலம் தீர்ந்தால் உயிர் போய்விடுமோ என்ற அச்சம் பலரை இரவில் உறங்கவிடுவதில்லை. மின்கலம் திடீரென நின்றுவிடுவதன்று. பல ஆண்டுகள் உழைத்து, மெல்லத் தளரும்போது, பரிசோதனையில் வைத்தியருக்கு அது மாதக்கணக்கில் முன்கூட்டியே தெரியும். தவணை தவறாது பரிசோதனைக்குச் செல்பவர் அஞ்சுவதற்கில்லை. கருவியை மாற்றும்போதும் பழைய கம்பிகளையே பெரும்பாலும் பயன்படுத்துவர்.

இவ்விடத்து ஆர்ணே லார்சன் என்பவரின் வரலாற்றைக் கூறுதல் பொருந்தும். சுவீடன் தேசத்தவரான இவர் நாளொன்றுக்குப் பன்முறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். மனைவி வைத்தியர்களை விடாது வற்புறுத்தியதன் பேரில், 1958 ஒக்டோபர் 8 ஆந் திகதி, ஸ்டொக்ஹோம் நகரில், உடலினுள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதலாவது கருவியை இவர் பெற்றார். பொறியியலாளர் எல்ம்க்விஸ்ட் ஆக்கியதைச் சத்திரவைத்தியர் செனிங் பொருத்தினார். அது சில மணிநேரமே உழைத்தது. பின்னர் மாற்றி மாற்றி இருபதுக்கு மேற்பட்ட கருவிகளைப் பெற்ற லார்சன், அவ்விருவரும் காலமான பின்னரும் வாழ்ந்து, 2001 இல், தம் 86 ஆவது வயதில் மறைந்தார். உயிரைக் கவர்ந்தது இருதய நோயன்று, புற்றுநோய்.

இறுதியாக ஒன்று. அமங்கலப் பேச்சென இதனைப் பலர் ஒதுக்குவர். ஆயினும் பிரேதத்தைத் தகனஞ் செய்யும் எம்மவர் கட்டாயம் அறியவேண்டியது. தீயின் வெப்பத்தில் கருவியின் மின்கலம் வெடிக்கக்கூடும். ஆதலால் தகனத்துக்கு முன்னர் அதனை அகற்றுவிக்க வேண்டும். கருவி இருக்கும்வரை உயிர் பிரியாது என்பாரும் உளர். அது உண்மையன்று, தசை இணங்காத நிலை வந்தபின் எந்தத் தூண்டலும் இருதயத்தை இயக்காது. இவற்றை நோயாளி நலமாயிருக்கும்போதே அமைதியாகப் பேசிவைத்தல் அறிவுடைமை.

வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டனாரோ பாட்டியாரோ இச்சிகிச்சைக்குச் செல்வதாயின், அவர்கள் மனத்திலுள்ள ஐயங்களைக் கேட்டு ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுங்கள். இக்கருவி எனக்கு ஏன் வேண்டும்? எத்தனை காலம் உழைக்கும்? கையை எப்போது உயர்த்தலாம்? எப்போது வாகனம் ஓட்டலாம்? காந்தப் படம் எடுக்கலாமா? அடுத்த பரிசோதனை எப்போது? வைத்தியர் முன் நா எழாவிடினும், தாளை நீட்டக் கை எழும்.