பூட்டிய திரை யாருக்குக் காவல்?

'கியொஸ்க்' என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. பூங்காவின் நடுவே திறந்து நிற்கும் சிறு மண்டபத்துக்கே ஆதியில் அப்பெயர் வழங்கிற்று. இன்றோ விமான நிலையத்திலும் வங்கியிலும் நூல்நிலையத்திலும் பொதுமக்கள் தாமே இயக்குமாறு வைக்கப்படும் கணினிக்கும் அது பெயராகியிருக்கிறது. ஒரே வேலையை மட்டும் செய்யுமாறு பூட்டப்பட்ட கணினி அது.

தம் ஊர் வாசிகசாலையில் இத்தகைய கணினியொன்றை அமைக்க விரும்பும் மாணவர்கள் பலர் உளர். அவர்களுக்குப் பயன்படுமென எண்ணி அதன் முறையை ஈண்டு விளக்குவோம்.

முதலில் ஓர் ஐயம் தீர்தல் வேண்டும். இணைய உலாவியைத் திறந்து எஃப் 11 விசையை அழுத்தினால் பக்கம் திரை முழுவதும் விரியும். அது பூட்டன்று, திரைச்சீலையே. அவ்விசையை மறுமுறை அழுத்தினால் யாவும் பழைய நிலைக்கு மீளும். குறோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகளில் இதற்கெனத் தனி ஏற்பாடு உண்டு. பயர்பொக்ஸ் இதனை 2019 டிசம்பரில் வெளிவந்த 71ஆம் பதிப்பிற் பெற்றது. உலாவியைத் தொடக்கும் கட்டளையின் பின் இரு சிறுகோடுகளையிட்டு, கியொஸ்க் என்னும் ஆங்கிலச் சொல்லையும், காட்டவேண்டிய பக்கத்தின் முகவரியையும் எழுதினாற் போதும். முகவரிப் பட்டையும் மூடும் குறியும் மறைந்துவிடும். குறோம் முன்னரே திறந்திருப்பின் இக்கட்டளை பலிக்காது. அதனை முற்றாக மூடிவிட்டே தொடங்கவேண்டும்.

இதுவும் அரைப் பூட்டுத்தான். விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையையும் எஃப் 4 விசையையும் ஒருங்கே அழுத்தத் தெரிந்த சிறுவன் உலாவியை மூடி உள்ளே புகுந்துவிடுவான். ஆதலால் காவற் பொறுப்பை இயங்குதளத்திடமே ஒப்படைத்தல் நன்று. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் புரோ, கல்விப் பதிப்புகளில் கியொஸ்க் அமைக்கும் வசதி உண்டு. ஹோம் பதிப்பில் இல்லை. அது நிர்வாக உரிமையற்ற தனிக் கணக்கொன்றை உண்டாக்கும். கணினியை இயக்கியதும் அக்கணக்குத் தானே திறந்து, எட்ஜ் உலாவியை மட்டும் காட்டும். மற்றைய பகுதிகளுக்குச் செல்ல நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும்.

இவையெல்லாம் கணினியைக் காப்பன. அதன்முன் அமர்பவரைக் காப்பது எது?

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். மாணவி ஒருத்தி தன் சுட்டெண்ணை இட்டுப் பெறுபேற்றைப் பார்க்கிறாள். கண் கலங்க எழுந்து செல்கிறாள். அடுத்து அமர்பவர் திரையில் காண்பது அவளுடைய பெயரையும் புள்ளிகளையுமே. வீட்டுக் கணினியாயின் அவள் சாளரத்தை மூடியிருப்பாள். இங்கே மூடும் குறியை மறைத்தவர் நாமல்லவா? அவளிடமிருந்து அவ்வசதியைப் பறித்தபின், அவள் விட்டுச்சென்ற தடத்தை அழிக்கும் கடமையும் நம்மையே சாரும்.

மறைநிலைச் சாளரம் போதுமென்று சிலர் கருதுவர். அது தன் நினைவுகளை அழிப்பது மூடப்படும்போதுதான். நாள் முழுவதும் மூடப்படாத கியொஸ்கில், காலையில் வந்தவர் திறந்த மின்னஞ்சல் மாலை வரை திறந்தே கிடக்கக்கூடும்.

ஆகவே எட்ஜை அமைக்கும்போது 'பொது உலாவி' என்னும் வகையைத் தெரிவுசெய்க. அதில் முகவரிப் பட்டை இருக்கும். அமர்வை முடிக்கும் பொத்தானும் இருக்கும். அதனை அழுத்தினால் முன்னவரின் தடங்கள் நீங்கும். அழுத்த மறந்து எழுந்து செல்வோர்க்காக, சில நிமிடங்கள் ஒருவரும் தொடாவிடின் உலாவி தானே புதிதாகத் தொடங்குமாறு நேரத்தையும் குறித்து வைக்கலாம். அப்பொத்தானின் பயனை எளிய தமிழில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டிவைத்தல் முதியோர்க்குப் பேருதவியாகும்.

திறப்பு விழாவுக்கு முன்னர் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்நியர்போல் அமர்ந்து உங்கள் மின்னஞ்சலைத் திறவுங்கள். மூடாமல் எழுந்து செல்லுங்கள். குறித்த நேரங் கழிந்தபின் நண்பர் ஒருவரை அங்கே அமரச் செய்யுங்கள். உங்கள் பெயரின் ஓரெழுத்தேனும் அவர் கண்ணிற் பட்டால், அக்கணினி பொதுமக்களுக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை.