ஆட்டுக்குக் கணக்கு உண்டு, கூலிக்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கே வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரை உடைத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. அவர்களுக்கு முதலில் சோறு போட்டவர் யார்? ஹெலிகாப்டர் பிறகுதான் வந்தது. பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள், தங்கள் வீடும் வெள்ளத்தில் கிடக்க, இருந்த அரிசி பருப்பைச் சேர்த்துப் பொங்கிப் போட்டார்கள். சாதி கேட்டார்களா? டிக்கெட் கேட்டார்களா?

நம் ராஜபாளையம் பக்கத்து ஆலங்குளத்திலும் அந்த வாரம் டீக்கடையில் வேறு பேச்சில்லை. "ஐயோ பாவம்" என்றார்கள். பாயும் போர்வையும் கட்டினார்கள். ஆனால் தோழர்களே, பத்து நாள் கழித்து அதே பெஞ்சில் வேறொரு பேச்சு கேட்டது. "ஆறாயிரமா! உழைக்காமல் வாங்கியவன் எங்கே போவான்? சாராயக் கடைக்குத்தான்!" சொன்னவர் மில் முதலாளி அல்ல, நம்மைப்போல் ஷிப்ட் முடித்து வந்தவர். இதுதான் நம்மை வருத்துகிறது.

அந்த ஆறாயிரம் என்ன, பார்ப்போம். கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். மற்ற இடங்களில் 1,000. மாநில சர்க்கார் அறிவித்த அட்டவணையில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, பசு மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. கொடுத்தது சரி, இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஏரல் பக்கம் வாழைத்தார் சுமந்தவருக்கு? தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி மிதித்தவருக்கு? வரப்பு கரைந்து, பாத்தி சேறாகி, சீசன் தொடங்கும் நாளே தள்ளிப்போயிற்று. அந்த நாட்களின் கூலிக்குத் தனி வரி கிடையாது. அதுவும் ஆறாயிரத்தில் அடக்கமாம்! ஆடு வைத்திருந்தவனுக்கு ஆட்டுக் கணக்கு. கை மட்டும் வைத்திருந்தவனுக்கு என்ன கணக்கு?

டெல்லியின் கணக்கு இதைவிட வேடிக்கை. சென்னைப் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது சுமார் 37,900 கோடி. 2024 ஏப்ரலில் வந்தது சுமார் 276 கோடி. தேசியப் பேரிடர் என்று அறிவிக்கும் வழக்கமே இல்லை என்று நிதியமைச்சர் சொல்லிவிட்டார். வழக்கம் இல்லையென்றால் வெள்ளம் வடிந்துவிடுமா? வரி வாங்கும்போது நம் ஊர் தீப்பெட்டியை மறக்காதவர்கள், கொடுக்கும்போது மட்டும் வழக்கம் பேசுகிறார்கள்.

இது புதிதல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்தினார்கள். அந்தத் தொழிலாளர்களை வணங்குகிறோம். ஊர் என்னவாயிற்று? வாழத் தகுதியற்றது என்று எழுதி வைத்தார்கள். ரயில் திரும்பிப் பாம்பனைத் தாண்டியது. தனுஷ்கோடிக்காரனின் பிழைப்பு திரும்பவில்லை.

டீக்கடைத் தோழருக்கு ஒரு வார்த்தை. நாளை செண்பகத்தோப்பு மலையிலிருந்து வெள்ளம் இறங்கினால், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி நிற்கும், ராஜபாளையத்தில் மில் நிற்கும். தறிக்கும் மெஷினுக்கும் முதலாளி இன்ஷூரன்ஸ் கட்டியிருப்பார். உமது பத்து நாள் கூலியை யார் எழுதுவார்? அன்று நீர் வரிசையில் நிற்கும்போது, எங்கோ ஒரு பெஞ்சில் இதே சாராயப் பேச்சு எழும். அப்போது உமக்கு எப்படி இருக்கும்?

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் சங்கங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நிவாரண அட்டவணையில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கீழேயாவது ஒரு வரி சேர்க்கட்டும்: வேலை நின்ற ஒவ்வொரு நாளுக்கும், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தத் தொழிலின் குறைந்தபட்சக் கூலி. தாலுகா ஆபீசுக்கு மனு எழுதும்போது, அந்த டீக்கடைத் தோழரையும் கூட்டிக்கொண்டு போவோம்.