கால் நிமிர்ந்தது யாரால்?

என் தங்கையின் மகனுக்கு அப்போது 14 மாதம். தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தான். வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அவன் நடையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் கால் வில்லாட்டம் வளைஞ்சிருக்கே, யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. சீக்கிரம் நிற்கவைத்ததுதான் காரணம் என்றார் ஒருவர். எந்நேரமும் இடுப்பில் தூக்கி வைத்திருந்ததுதான் காரணம் என்றார் மற்றொருவர். காரணம் எதுவானாலும் தவறு தாயுடையதுதான் என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றுபட்டனர். என் தங்கை அழுதாள்.

மறுநாளே வைத்தியம் தொடங்கிற்று. என் அம்மா காலையும் மாலையும் நல்லெண்ணெய் தடவி, இரு கால்களையும் நீட்டி இழுத்து நீவிவிட்டார். இரண்டு வயது நிறைவதற்குள் கால்கள் நேராகிவிட்டன. "பார்த்தாயா என் கைராசியை!" என்று அம்மாவுக்குப் பெருமை. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நீவாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மாணவ நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்யும்போது ஒன்றை மாற்றிப் பார்க்கிறோம். மற்றொன்றை மாற்றாமல் அப்படியே வைத்திருந்து இரண்டையும் ஒப்பிடுகிறோம். அம்மாவின் சோதனையில் அந்த இரண்டாவது குழந்தை இல்லை. எண்ணெய் தடவினார், கால் நிமிர்ந்தது. ஆகவே எண்ணெயால் நிமிர்ந்தது என்கிறார். சேவல் கூவியபின் பொழுது விடிகிறது என்பதற்காகச் சேவல்தான் பொழுதை விடியவைக்கிறது என்று சொல்ல முடியுமா?

கருப்பையில் இடம் குறைவு. குழந்தை கால்களை மடக்கிக் குறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கிறது. ஆகவே பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளின் கால்களும் ஓரளவு வெளிப்புறம் வளைந்தே இருக்கின்றன. பின்லாந்து நாட்டில் சாலேனியஸ், வான்கா என்ற இருவர் 1,279 குழந்தைகளிடம் 1,480 முறை தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்து 1975இல் வெளியிட்டனர். பிறந்த குழந்தையிடம் ஏறக்குறைய 15 டிகிரி வெளிவளைவு; ஒன்றரை, இரண்டு வயதில் கால் நேர்; அதோடு நிற்காமல் மூன்று வயதை ஒட்டி எதிர்ப்புறம் சென்று, முழங்கால்கள் ஒன்றோடொன்று இடிக்கும் நிலை; ஆறு, ஏழு வயதில் பெரியவர்களுக்குரிய சிறிய கோணம். இதுவே அவர்கள் கண்ட பாதை. என் அம்மாவின் கை பின்லாந்து வரை நீண்டிருக்க வழியில்லை.

ஐந்து நிமிடம் இழுத்தால் நேராவதற்கு எலும்பு மெழுகு அல்ல. எலும்பின் முனைகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டு எனப்படும் மெல்லிய குருத்தெலும்புப் படலம் இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். மாட்டுவண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது அல்லவா? அதுபோலத் தட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்று அதிகம் வளர்ந்தால் எலும்பின் திசை திரும்புகிறது. இது பல மாதங்களில் நடக்கும் மெதுவான வேலை. எண்ணெய்க் குளியலுக்கு நான் பகைவன் அல்லன். குழந்தைக்கு அது சுகம், பாட்டிக்கும் சுகம். பலமாக இழுப்பதும், கால்களைத் துணியால் இறுகக் கட்டுவதும்தான் வேண்டாதவை.

இன்னொன்று. கண்ணுக்குத் தெரியும் வளைவு எல்லாம் வளைவு அல்ல. ஒரு கம்பியைச் சற்றே வளைத்து விளக்கின் முன் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். சுவரில் விழும் நிழல் ஒரு நிலையில் நேராகவும் மற்றொரு நிலையில் வளைந்தும் தோன்றும். குழந்தை முழங்காலைச் சற்று மடக்கி, காலை வெளிப்புறம் திருப்பி நடக்கும்போது நாம் முன்னிருந்து பார்ப்பது இப்படிப்பட்ட நிழலைத்தான். பருத்த இடைத்துணி வேறு கால்களை அகட்டிவிடுகிறது. ஆகவே நடையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. குழந்தையைப் படுக்கவைத்து, முழங்கால் சில்லுகள் நேர்மேலே பார்க்குமாறு கால்களை மெல்ல நீட்டி, கணுக்கால்களைச் சேர்த்துவைத்து, முழங்கால்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அளக்கவேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் இந்த வேலையை ஏற்றுக்கொண்டாள். 14 மாதத்தில் 4.5 செ.மீ.; 17 மாதத்தில் 3 செ.மீ.; 21 மாதத்தில் 1 செ.மீ. மூன்று வயதில் முழங்கால்கள் ஒட்டிக்கொண்டு, கணுக்கால்கள் 4 செ.மீ. விலகி நின்றன. "அளவுக்கு மீறி நீவிவிட்டேனோ?" என்று அம்மா கவலைப்பட்டார். புகழை ஏற்றவர் பழியையும் ஏற்க முன்வந்தது நியாயம்தான்!

ஆனால் 'தானே சரியாகிவிடும்' என்பதும் அளக்காமல் சொல்லப்பட்டால் மற்றொரு கைராசிதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நான்கு வயது வரை பையனுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார்கள். வளைவு ஆண்டுக்கு ஆண்டு கூடிற்று, யாரும் அளக்கவில்லை. கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது ரிக்கெட்ஸ் என்று தெரிந்தது. வைட்டமின் டி போதாமல், எலும்பில் சுண்ணாம்புச் சத்துச் சரியாகப் படியாமல், உடல் எடையைத் தாங்கமாட்டாது கால் வளையும் நோய் இது. தொடக்கத்தில் கண்டறிந்தால் மருந்திலேயே பெரும்பாலும் சீராகும். அந்தப் பையனுக்கு மருந்துக்குப் பிறகும் சிறிது வளைவு தங்கிவிட்டது. இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இந்த நோயின் வரலாற்றில் நம் பாடத்துக்கும் பங்கு உண்டு. 1919இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகளின் மேல் பாதரச ஆவி விளக்கின் ஒளியைப் பாய்ச்சி, எலும்புகள் குணமாவதை எக்ஸ்ரேயில் காட்டினார். விளக்கின் குழல் குவார்ட்ஸால் ஆனது. சாதாரணக் கண்ணாடியாக இருந்திருந்தால் பயன் இராது. ஏனெனில் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும், ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. மூடிய சன்னல் வழியே விழும் வெயில் சுடும்; வைட்டமின் தராது. அதிகாலை வெயில் சாய்வாக வந்து நெடுந்தூரம் காற்றைக் கடப்பதால் அதிலும் இக்கதிர் மிகக் குறைவு. இளவெயிலில் காட்டினால் போதும் என்று நம்பிவிடாமல், சொட்டு மருந்து வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்பதே நல்லது.

தண்ணீரும் காரணமாகலாம். குடிநீரில் உள்ள அதிக ஃபுளோரைடு எலும்பைத் தாக்குவதை 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டறிந்தார்கள். 1970களில் நல்கொண்டா பகுதியில் அதே காரணத்தால் இளைஞர்களின் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்திருந்ததை ஹைதராபாத் ஆய்வாளர்கள் விவரித்தனர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கலிலிருந்து காவிரி நீர் கொண்டுவரப்பட்டதற்கு ஃபுளோரைடே முக்கியக் காரணம். இந்த இடங்களில் ஒரு தாயைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ அக்காவின் குழந்தையோ இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு வயதுக்குப் பிறகும் வெளிவளைவு குறையாமல் இருந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ, ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, மணிக்கட்டு தடித்திருந்தாலோ, குழந்தை வலியால் நொண்டினாலோ, வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டாலோ மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். போகும்போது அந்த நோட்டையும் கொடுத்தனுப்புங்கள்.

என் தங்கை மகனுக்கு இப்போது ஐந்து வயது. கணுக்கால் இடைவெளி 2 செ.மீ.க்கு வந்திருக்கிறது. அம்மா எண்ணெய் தடவுவதை இன்னும் நிறுத்தவில்லை. அடுத்த அளவு பொங்கலுக்கு.