முகம் திருத்தலும் முகம் மறுத்தலும்

தாம்பரம் முதல் பல்லாவரம் வரை நீளும் பெருஞ்சாலையின் இருமருங்கிலும் நிற்கும் விளம்பரப் பலகைகள் நம்மை நோக்கி ஓயாமல் ஒன்றையே கூறிக்கொண்டிருக்கின்றன: நீ இருக்கின்றவாறே இருத்தல் போதாது என்று. தோலை வெளுப்பதற்கு ஒரு நிலையம். தலையில் முடி நடுவதற்கு ஒரு நிலையம். பல்லை வெள்ளையாக்குவதற்கு ஒரு நிலையம். தோலோடும் முடியோடும் நின்றிருந்த அவ்வணிகம் இன்று எலும்பிலும் கை வைத்துவிட்டது. தாடையெலும்பைச் சீவி முகத்தைக் கூராக்குவோம். கன்னத்தெலும்பை அறுத்து உள்ளே தள்ளுவோம். மோவாயை வெட்டி முன்னே நகர்த்துவோம். கொரியாவுக்கு வருக, தாய்லாந்துக்கு வருக, துருக்கிக்கு வருக என்று கைப்பேசித் திரை வழியாக நம் பிள்ளைகளின் தலைமாட்டிற்கே வந்து அழைக்கின்றது. திரிசூலத்து வானூர்தி நிலையமோ நம் வாயிற்படியில் உள்ளது. ஆகவே இஃது எங்கோ நடக்கும் செய்தி என்று நாம் வாளாவிருத்தற்கில்லை.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். முகத்தில் கத்தி படுவதே தீது என்று கூற நாம் வரவில்லை. பிளவுண்ட உதட்டோடு பிறந்த குழந்தைக்கும், சாலை நேர்ச்சியில் தாடை நொறுங்கிய தொழிலாளிக்கும், தீயில் வெந்த பெண்ணுக்கும், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமையால் உணவை மென்று தின்னவியலாத இளைஞனுக்கும் அறுவை மருத்துவம் செய்யும் தொண்டு அளப்பரியது. அது முகம் திருத்தல். ஆனால் குறையேதுமற்ற ஒரு முகத்தை, அது பிறிதோர் இனத்தான் முகம்போல் இல்லை என்பதற்காகவோ, திரையில் ஆடுவோர் முகம்போல் இல்லை என்பதற்காகவோ உடைத்துச் செதுக்குவது முகம் மறுத்தல். இவ்விரண்டிற்கும் கருவி ஒன்றே, கை ஒன்றே, நோக்கம் மட்டும் வேறு. அந்நோக்கமே அறத்தையும் இழிவையும் பிரிக்கும் கோடு.

முகம் திருத்தும் கலையை உலகிற்குக் கற்பித்தவர்களுள் இந்நிலத்துக் கைவினைஞரும் உண்டு. 1792-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய ஒருவரைத் திப்புவின் படையினர் சிறைப்பிடித்து மூக்கை அரிந்துவிட்டனர். ஓராண்டளவு கழிந்தபின், பூனாவிற்கு அருகில் செங்கல் அறுப்போர் குடியிற் பிறந்த ஒருவர், மெழுகுத் தகட்டினால் மூக்கின் அளவெடுத்து, அவ்வளவிற்கு நெற்றித் தோலைக் கீறித் திருப்பி, அவருக்குப் புதுமூக்குப் பொருத்தினார். ஆங்கில மருத்துவர்கள் அதனைக் கண்டு வியந்தனர். 1794-இல் இலண்டன் மாத இதழொன்றில் அச்செய்தி படத்துடன் வெளிவந்தது. அதனைக் கற்று, 1814-இல் அதே முறையில் இலண்டனில் மூக்கமைத்தவர் கார்ப்பியூ என்னும் மருத்துவர். ஐரோப்பாவில் அக்கலை மீண்டும் தழைத்தது அதன் பின்னரே. பெருங்கல்லூரிகள் கற்றது ஒரு செங்கல் தொழிலாளியின் கைத்திறத்தை என்பதை நம் இளைஞர்கள் நெஞ்சில் நிறுத்துக.

அத்தொண்டு இன்றும் நம்மைச் சூழ நடந்துகொண்டுதான் இருக்கிறது. தாம்பரத்திற்குத் தெற்கே செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் இயங்கிவரும் நடுவண் அரசின் தொழுநோய் நிறுவனத்தில், நோயால் உருக்குலைந்த கைகளும் முகங்களும் சீர்செய்யப்பட்டுள்ளன. தாடை உடைந்து வருவோர்க்குச் சென்னை அரசுப் பல்மருத்துவக் கல்லூரியில் மாழைத் தகடு வைத்து எலும்பு கூட்டுகின்றனர். சாலை நேர்ச்சியில் அடிபட்டார்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தைக் கட்டணமின்றி அளிக்கும் தமிழக அரசின் திட்டம் 2021-இல் இதே பெருஞ்சாலை மேலுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பெற்றது. கல்லீரல் மாற்று அறுவைக்காகக் குரோம்பேட்டைக்கும் பெரும்பாக்கத்திற்கும் பிற நாட்டார் வந்து செல்கின்றனர். உயிர் காக்க உலகம் நம்மிடம் வருகிறது. நாமோ நல்ல முகத்தை உடைத்துக்கொள்ள உலகின் மறுகோடிக்குப் போகத் துடிக்கிறோம்.

எலும்பறுக்கும் இம்முறைதான் எதற்காகத் தோன்றியது? 1950-களில் ஆசுத்திரிய மருத்துவர் ஓப்வெகேசர் கீழ்த்தாடையை உட்புறமாகவே பிளந்து நகர்த்தும் முறையை உருவாக்கியபோது, பல்லும் தாடையும் பொருந்தாதார்க்கு அவற்றைப் பொருந்தச் செய்தலே அவர் குறிக்கோள். அதே காலத்தில் கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கப் படை மருத்துவர் மில்லார்டு என்பாரின் வரலாறு இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. பிளவுண்ட உதட்டைத் திருப்பி இணைத்துத் தைக்கும் அவருடைய முறை இன்றும் உலகெங்கும் எண்ணற்ற குழந்தைகளுக்குச் சிரிப்பைத் தந்துகொண்டிருக்கிறது. அதே மருத்துவரிடம் கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்து, தம் கண்களை வெள்ளையர் கண்கள்போல் வட்டமாக்கித் தருமாறு வேண்டினார், அவரும் செய்துகொடுத்தார். ஒரே கை, ஒரே கத்தி. ஒருபுறம் குழந்தையின் உதடு கூடிற்று. மறுபுறம் ஓரினத்தானின் நெஞ்சுரம் பிளவுண்டது. அயல்நாட்டுப் படை வந்திறங்கிய மண்ணில் அயலான் கண்ணே அழகாகத் தோன்றியதில் வியப்பென்ன? ஆளுவோன் முகமே அழகின் அளவுகோலாவது அடிமை நாடுகள் அனைத்திலும் நடந்த கதை.

கொரியரை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. அவர்கள் நமக்கு அயலாரும் அல்லர். தாயை ஒம்மா என்றும் தந்தையை அப்பா என்றும் அழைக்கும் மக்கள் அவர்கள். 1905-இலேயே ஓமர் உல்பெர்ட்டு என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். அவர் கண்ட உறவை இன்றைய மொழிநூலார் பலர் ஏற்பதில்லையெனினும், அவ்விரு மொழிகளின் சொற்றொடர் அமைப்பு ஒத்திருப்பதைக் கற்றார் எவரும் காணலாம். இருங்காட்டுக்கோட்டை மகிழுந்துத் தொழிற்சாலை வந்த நாள்தொட்டு அவர்கள் நம் அண்டை வீட்டாராகவும் ஆகிவிட்டனர்.

அவர்களிடம் நாம் கற்கவேண்டுவது ஒன்றுண்டு. சீன எழுத்தில் மூழ்கிக் கிடந்த தம் மக்களுக்காகச் சேசோங் மன்னர் புத்தெழுத்துப் படைத்து 1446-இல் நாட்டிற்கு அறிவித்தார். அவைப் புலவருள் சிலர் அதனை எதிர்த்தனர். உயர்குடியினர் இழிவென்று ஒதுக்கினர். பின்னர் வந்த சப்பானியர் பள்ளிகளிலிருந்தே கொரிய மொழியை விலக்கினர். அத்தனையையும் கடந்து இன்று அந்நாட்டின் கல்வியும் ஆட்சியும் அறிவியலும் அவர்தம் மொழியிலேயே, அவர்தம் எழுத்திலேயே நடக்கின்றன. எழுத்தைக் காத்த அவ்வினம் முகத்தைக் காக்கத் தவறியதே என்பதுதான் நம் வருத்தம். நம் இளைஞரோ அவர்களிடமிருந்து மொழிப்பற்றைக் கொள்ளாமல், தாடை சீவும் பழக்கத்தைக் கொள்ள விழைகின்றனர். அண்டை வீட்டில் நெல்லிருக்க உமியை அள்ளிவரும் மடமை இது.

அந்நாட்டிலேயே இது பட்டுத் தெளிந்த துன்பமாகிவிட்டது. 2016-ஆம் ஆண்டு சியோல் நகரின் கங்கனம் பகுதியில் தாடையெலும்பைக் குறைத்துக்கொள்ளச் சென்றார் ஒரு கல்லூரி மாணவர். தலைமை மருத்துவர் எலும்பைச் செதுக்கிவிட்டு வேறு அறைகளில் கிடந்தாரைக் கவனிக்கப் போய்விட்டார். எஞ்சிய வேலையை அம்மாணவர் அறியாத வேறொரு மருத்துவர் செய்தார். குருதி நில்லாமல் வடிந்துகொண்டிருக்க, உதவியாளர்கள் அதனைத் துடைத்துக்கொண்டிருந்தனர். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பயனின்றி, சில கிழமைகளில் அவர் உயிர் நீத்தார். அவருடைய தாய் அவ்வறையின் படப்பதிவைப் பெற்று, பெற்ற வயிறு எரியத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த நொடியில் யார் விட்டுப் போனார் என்று எழுதிக் கணக்கெடுத்தார். நாடாளுமன்றத்தின் முன் பதாகை ஏந்தித் தனியராய் நின்றார். அத்தாயின் போராட்டத்தால் அறுவை அறைகளில் படப்பதிவுக் கருவி வைக்கவேண்டும் என்னும் சட்டம் 2021-இல் இயற்றப்பெற்று 2023-இல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவருக்கு மூன்றாண்டுச் சிறையும் கிடைத்தது. சட்டம் வந்தது, மகன் வரவில்லை.

தன் நாட்டில், தன் மொழியில், தன் சட்டத்தின் நிழலில் நின்ற தாய்க்கே அத்தனை ஆண்டு தேவைப்பட்டது. மொழி தெரியாத நாட்டில், படித்தறியாத தாளில் ஒப்பமிட்டுவிட்டு மயக்க மருந்தை மூச்சிழுக்கும் தாம்பரத்துப் பிள்ளைக்கு யார் நிற்பார்? ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். 2024-இல் தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில், தனியார் மருத்துவமனை ஒன்றில் உடல் எடை குறைப்பதற்கான அறுவைக்கு வந்த ஓர் இளைஞர் உயிரிழந்தார். அது வேறு வகை மருத்துவமே. ஆயினும், அங்கே பெற்றோர் தம் தாய்மொழியில் முறையிட முடிந்தது. அரசு உசாவல் நடத்தியது. மருத்துவமனையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் காப்புச் சட்டத்துள் அடங்கும் என்று இந்திய உச்ச முறைமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துள்ளமையால், செங்கற்பட்டிலேயே வழக்கிட வழியுண்டு. கடல் கடந்த இடத்தில் இவற்றுள் எது கைக்கெட்டும்?

இனி உடலின் செய்தி. கீழ்த்தாடையெலும்பின் உள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுவே. எலும்பைச் சீவுங்கால் அது நசுங்கினாலோ அறுந்தாலோ உதடு மரத்துப்போகும். சிலருக்கு அம்மரப்பு வாழ்நாள் முழுதும் நீங்காது. வாயினுள் வீக்கம் மிகுந்தால் மூச்சுக்குழல் அடைபடும். ஆகவேதான் அறுவைக்குப் பிந்திய முதலிரவுகளில் விழிப்பான கண்காணிப்பு வேண்டும். முகத்தின் வீக்கம் முழுதும் வடியத் திங்கள் பல ஆகும். அறுவையுண்ட உடலோடு நெடுநேரம் வானூர்தியில் அசையாது அமர்ந்தால் காலில் குருதி உறைந்து நுரையீரலுக்கு ஏறும் இடரும் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, சீவிய எலும்பு மீண்டும் வளர்வதில்லை. பல் பொருந்தாமையைத் திருத்தும் உண்மையான மருத்துவத்திலோ, அறுவைக்கு முன்னும் பின்னும் பல திங்கள் பல்லிற் கம்பி கட்டிக் காத்திருக்கவேண்டும். விடுமுறைச் செலவோடு சேர்த்து இரண்டு கிழமையில் முடித்துத் தருகிறோம் என்பவன் மருத்துவம் பேசவில்லை, வணிகம் பேசுகிறான்.

ஆயினும் இளைஞரை மட்டும் கடிந்து என்ன பயன்? தன் முகத்தைத் தானே வெறுக்கப் பிறந்த குழந்தை உலகில் இல்லை. அவ்வெறுப்பை ஊட்டியவர்கள் நாம். பல்லன், நீளமூஞ்சி, கருவாயன் என்று வகுப்பறையில் பட்டப்பெயர் சூட்டுங்கால் ஆசிரியரும் உடன் நகைக்கிறோம். பெண் பார்க்கப் போகுங்கால் மூக்கையும் நிறத்தையும் மாடு பிடிப்பாரைப்போல் அளக்கிறோம். மணமகள் தேவை என்னும் விளம்பரத்தில் சிவந்த நிறம் என்று நாணமின்றி எழுதுகிறோம். 1975-இல் இந்நாட்டில் வெளுப்புக் களிம்பு ஒன்று விற்பனைக்கு வந்தது. கருநிறம் இழிவு என்பதை முதலாகப் போட்டு அது வளர்ந்தது. உலகெங்கும் நிறவெறிக்கெதிரான கிளர்ச்சி எழுந்த 2020-இல் அதன் பெயரை மாற்றினார்கள். களிம்பு கடையில் அப்படியே இருக்கிறது. தோலுக்குப் பூசிய நஞ்சு இன்று எலும்பு வரை ஊறியிருக்கிறது; அவ்வளவே.

தமிழ் இளைஞனே! தங்கையே! உன் தாடையில் உன் பாட்டனின் உழைப்பிருக்கிறது. உன் கன்னத்தெலும்பில் உன் தாயின் சாயலிருக்கிறது. கடன் வாங்கி அவற்றை அறுத்தெறிந்துவிட்டு வந்து, எந்த முகத்தோடு அவர்கள்முன் நிற்பாய்? உண்மையில் மெல்ல இயலவில்லையா, உறக்கத்தில் மூச்சுத் திணறுகிறதா, பேச்சுக் குழறுகிறதா? நாணவேண்டா, உன் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போ, உன் தாய்மொழியில் கேள், யார் அறுப்பார், எது கெடலாம், கெட்டால் யார் பொறுப்பு என்று கேட்டுத் தெளிந்தபின் துணிக. அவ்வாறன்றிக் கண்ணாடிமுன் நின்று கலங்குகின்றாயெனின், மாறவேண்டுவது உன் எலும்பன்று. உன்னை நகைத்த ஊரின் கண்.

பெற்றோரே, ஆசிரியரே! அக்கண்ணைத் திருத்தும் அறுவை நம் கையிலுள்ளது. அதற்கு வானூர்தி வேண்டா. மயக்க மருந்து வேண்டா. நாளை வகுப்பில் ஒரு பட்டப்பெயர் எழுமாயின் அங்கேயே அதனை அறுத்தெறிவோம். வீட்டில் ஒரு பெண்ணின் நிறம் பேசப்படுமாயின் அங்கேயே வாயடைப்போம். அதுவே தொடக்கம்.