மோதிரம் வாங்கப் போகுமுன்

வத்தளையிலிருந்து வாசகி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். வருகிற தை மாதத்தில் அவருக்கு நிச்சயதார்த்தம். பெரியோர் பேசி முடித்த சம்பந்தம். பிள்ளைகள் இருவருக்கும் மனப்பொருத்தமும் உண்டு. ஆனால் சச்சரவு மோதிரத்தில் வந்து நிற்கிறது. மணமகனாக வரப்போகிறவர் காலி வீதிக் கடையொன்றில் வைரக்கல் மோதிரமொன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதற்காக வங்கியில் தவணைக் கடனும் கேட்டிருக்கிறார். வாசகியோ, செட்டியார் தெருவில் அரைப் பவுணில் ஒரு மோதிரம் செய்வித்தால் போதும், மிச்சத்தைச் சேமிப்பில் போடலாம் என்கிறார். "என் விரலுக்கு நானே விலை குறைக்கிறேன் என்று அவருக்கு வருத்தம். என்னைக் கைப்பிடிக்குமுன்பே கடன்காரர் ஆகிறாரே என்று எனக்குப் பயம். இந்தக் குணபேதத்தோடு இல்லறம் சரிவருமா?" என்பது அவருடைய கேள்வி.

சின்ன விஷயம் என்று இதனை ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் இவ்வழக்கு எழவே இடமில்லை. பொன்னுருக்கலுக்கு நாள் பார்ப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பொன்னைச் சுற்றத்தார் முன்னிலையில் ஆசாரியார் உருக்குவார், அது தாலியாகும். பெண்ணிடமோ பிள்ளையிடமோ அபிப்பிராயம் கேட்பார் இல்லை. நிச்சயத்துக்கு மோதிரம் மாற்றுவது கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பழகிப்போன வழக்கம். இன்று சைவக் குடும்பங்கள் பலவும் அதனை ஏற்றுக்கொண்டுவிட்டன. மோதிரம் தெரிவு செய்ய இப்பொழுது இருவரும் சேர்ந்தே பஸ் ஏறுகிறார்கள். களனி கங்கைப் பாலத்தைக் கடந்து, புறக்கோட்டையில் இறங்கி, கதிரேசன் கோயில்கள் இருக்கும் அந்த நகைக்கடைத் தெருவுக்குள் அவர்கள் நுழைகிறார்கள். மண்டபமும் சாப்பாடும் அழைப்பிதழும் பெரியோர் கணக்கு. இது ஒன்றே அவர்கள் இருவரும் தாமாகப் போடும் முதற் கணக்கு. யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. விவாகத்தின் பின் தம்பதிகள் சம்பாதிப்பதற்கு அதிலே 'தேடியதேட்டம்' என்று பெயர். அந்தத் தேட்டம் எவ்வாறு நடக்கப்போகிறது என்பதற்கு மோதிரக் கடையே ஒத்திகை மேடையாகிவிடுகிறது.

குணபேதத்தைக் கண்டு சகோதரி அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஸ்கொட் றிக் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய நண்பர்களும் இதனையே ஆராய்ந்தார்கள். பணம் கொடுக்கும் கணத்தில் மனம் நோகிறவர்கள் ஒரு சாரார்; அந்த நோவு போதிய அளவு தோன்றாதவர்கள் மற்றொரு சாரார் என்று 2008இல் அவர்கள் வகுத்துக் காட்டினார்கள். 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் நாடி மணம் செய்துகொள்ளும் போக்கு உண்டென்று கண்டார்கள். தன்னிடத்தில் தனக்கே பிடியாத குணத்துக்கு நேர்மாறானதை மற்றவரிடம் காணும்போது மனம் அங்கே சாய்கிறதாம். கவர்ச்சிக்குக் காரணமான அதே வேற்றுமை, மணத்தின் பின் பணத்தகராறுக்கும் காரணமாகிறது என்பதும் அவர்கள் கண்ட முடிவே. சிக்கனம் வேறு, செலவு நோவு வேறு என்றும் அவர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். சிக்கனக்காரர் மிச்சம் பிடிப்பதில் மகிழ்கிறார். மற்றவர் கொடுப்பதில் வருந்துகிறார். வாசகி இவ்விருவரில் யார் என்பதை அவரே சொல்ல வேண்டும்.

இந்த நோவும் நோவின்மையும் எங்கிருந்து வருகின்றன? அமெரிக்காவைப் பற்றி நாம் அறியோம். நம் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் அறிவோம். 1983 யூலையில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் வீடு வாசலை இழந்து உடுத்த துணியோடு அகதி முகாம் சேர்ந்த குடும்பங்களில், பெண்களின் கழுத்திலும் கையிலும் கிடந்ததே பலருக்கு எஞ்சிய சொத்து. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பொன்னை அலங்காரமாக மட்டும் பார்ப்பது எங்ஙனம்? பின்னர் 2022 வந்தது. அவ்வாண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பொன் விலையும் அதனைத் தொடர்ந்து ஏறியது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்நாட்களில் எத்தனை காப்புகளும் சங்கிலிகளும் அடைவுக்குப் போயின! பவுண் கணக்கிலேதான் அடைவுப் பணம் தந்தார்கள். கல்லின் எடையைக் கழித்தே நிறுத்தார்கள். இதனைக் கண்ணாரக் கண்ட பெண் "கல் வேண்டாம், பவுண் போதும்" என்று சொல்வாளானால், அது கஞ்சத்தனம் அன்று.

இனி மற்றவர் பக்கத்தையும் பார்ப்போம். அதே அடைவுக்கடை நேர்மாறான மனிதரையும் உண்டாக்கும். தாயின் காப்பு அடைவில் மூழ்கிப் போனதைக் கண்ட சிறுவன், வளர்ந்து உழைக்கத் தொடங்கியதும், "என் வீட்டுக்கு வருபவள் கையில் ஒரு குறையும் இருக்கலாகாது" என்று சபதம் செய்துகொள்வதுண்டு. வேறொருவன், தீபாவளிச் சட்டை முதல் பாடசாலைச் சுற்றுலா வரை எல்லாமே 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளிப்போன வீட்டிலே வளர்ந்திருப்பான். வாசகியின் மணமகன் இவர்களில் எவர் என்று நமக்குத் தெரியாது. வாசகிக்கும் தெரியாது போலும்; அவர் கடிதத்தில் விலை இருக்கிறது, காரணம் இல்லை. "ஏன் அந்த வைரம்?" என்று சண்டைக்காக அல்லாமல் அறிவதற்காக ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். தம்முடைய பயம் எந்த வீட்டில், எந்த வருடத்தில் முளைத்தது என்பதையும் அவருக்குச் சொல்லட்டும்.

அவருடைய விருப்பம் முழுவதும் அவருடையதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். 'வைரம் என்றென்றும் நிலைப்பது' என்னும் பொருள்பட்ட வாசகத்தை 1947இல் டி பியர்ஸ் கம்பனிக்காக எழுதிக் கொடுத்தவர் பிரான்சிஸ் ஜெரட்டி என்னும் அமெரிக்க விளம்பர எழுத்தாளர். கோடிக்கணக்கான விரல்களுக்கு வைரம் ஏற்றிய அந்த அம்மையார் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை என்பது வேடிக்கை. மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்ற கணக்கு 1980களின் விளம்பரங்களால் அமெரிக்காவில் பரப்பப்பட்டது. யப்பானியருக்கு அதனையே மூன்று மாதம் ஆக்கினார்கள். சாஸ்திரமும் அன்று, சம்பிரதாயமும் அன்று, வியாபாரம். 2014இல் எமோறி பல்கலைக்கழகப் பொருளியலாளர் இருவர் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கரை விசாரித்தார்கள். 2,000 முதல் 4,000 டொலர் வரை மோதிரத்துக்குச் செலவிட்ட ஆடவரிடையே, 500 முதல் 2,000 டொலருக்குள் முடித்துக்கொண்டவர்களைவிட மணமுறிவு வாய்ப்பு 1.3 மடங்காக இருந்ததாம். விலை கூடினால் மணம் முறியும் என்று இதற்கு அர்த்தம் கொள்ளலாகாது. விலை கூடினால் அன்பு கூடும் என்ற எண்ணத்துக்கு ஆதாரமில்லை என்ற அளவில் இதனை வைத்துக்கொள்ளலாம்.

கடையில் அறிய வேண்டியவற்றுக்கு வருவோம். பவுண் என்பது ஆங்கிலேயரின் பொன் நாணயத்தால் வந்த பெயர். நம் வழக்கில் 8 கிராம். அரைப் பவுண் மோதிரம் 4 கிராம். அது 22 கரட் ஆனால் 100க்கு 91.6 பங்கு தனித் தங்கம். 18 கரட் ஆனால் 75 பங்கு. கல் பதிக்கும் மோதிரங்களை உறுதி கருதி 18 கரட்டில் செய்வது வழக்கம். கொடுக்கும் விலையில் பொன்னுக்குரிய பகுதி ஓரளவு திரும்பி வரும். செய்கூலியும் சேதாரமும் திரும்பா. வைரத்தை வாங்கிய மறுநாளே விற்கப் போனாலும் கொடுத்த விலையில் பெரும் பகுதி போய்விடும். ஆய்வுகூடத்தில் உண்டாக்கும் வைரமும் உண்மையான வைரமே. விலை மிகக் குறைவு. ஆனால் விற்கப் போனால் கிடைப்பது அதனினும் சொற்பம். கல் ஆசையும் அடங்க வேண்டும், வைர விலையும் வேண்டாம் என்பவர்களுக்கு நம் நாட்டு நீலக்கல் இருக்கிறது. 1981இல் டயானா இளவரசியின் நிச்சய மோதிரத்தில் இருந்த 12 கரட் கல் இலங்கை நீலம் என்றே சொல்லப்படுகிறது. 2010இல் அதே மோதிரம் அவருடைய மருமகளாக வந்தவரின் விரலுக்குச் சென்றது. இளவரசிக்கு ஏற்றது வத்தளைக்கு ஆகாதா என்ன? சிறிய கல்லே போதும். சூடேற்றி நிறம் கூட்டிய கற்கள் மலிவானவை. அதில் குற்றமில்லை, சொல்லி விற்றால். ஐயமிருந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் கல்லைச் சோதிப்பிக்கலாம்.

கடனைப் பற்றி நம் அபிப்பிராயத்தை மறைக்க விரும்பவில்லை. மோதிரத்துக்குத் தவணைக் கடன் வேண்டாம். அத்தவணை விவாகத்தின் பின்னும் தொடருமாயின், பெண்ணும் சேர்ந்தே தன் மோதிரத்துக்குப் பணம் கட்டுகிறாள்; பரிசு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. அதேபோல, கையிலுள்ள பணத்துக்குள் அடங்கும் ஒரு சிறு கல்லை அவர் ஆசைப்பட்டுத் தரும்போது, "இதன் விலைக்கு எத்தனை மூடை அரிசி வாங்கலாம்" என்று கணக்குச் சொல்வதும் வேண்டாம். கடைக்குப் போகுமுன், தனித்தனியே ஒரு துண்டுக் காகிதத்தில், இதற்கு மேல் ஒரு சதமும் கூடாது என்ற தொகையை இருவரும் எழுதி மாற்றிக்கொள்ளட்டும். இரண்டுக்கும் நடுவே பேச்சுத் தொடங்கட்டும். கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் தொடங்கினால் அது பேச்சாக இராது.

தெரிவு செய்த நாளில் விரல் அளவைக் காலையில் எடுக்க வேண்டாம். கொழும்பு வெயிலில் பிற்பகலில் விரல் சற்றே தடித்திருக்கும், அப்பொழுது எடுப்பது நல்லது. ரசீதில் பொன்னின் எடை, கரட், கல்லின் எடை, செய்கூலி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுவித்து, இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள்.