கள்ளர் பாஷை என்றொரு கட்டுக்கதை

லண்டன் பாமர மக்களின் 'கொக்னி' பேச்சைப் பற்றி எழுத வருகிறவர்கள் முதலில் ஒரு கதையைச் சொல்வார்கள். அங்கு வழங்கும் இயைபுக் குழூஉக்குறி, பொலிசாருக்கு விளங்கக் கூடாதென்று கள்ளர்கள் உருவாக்கிய இரகசிய பாஷை என்பதே அந்தக் கதை. பயணக் கையேடுகள் இதைச் சொல்கின்றன, நம்மவர்களும் ஒப்புவிக்கிறார்கள். ஆதாரம் எங்கே என்று கேட்பார் இல்லை. பிரபு வீட்டுப் பிள்ளை சொல்லை வைத்து விளையாடினால் அது சாதுரியம். ஏழை விளையாடினால் அவன் எதையோ ஒளிக்கிறான். இந்த மனோபாவத்தின் மீதுதான் நமது வழக்கு.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். அடிகளின் இறுதி ஒன்றி வருவதை நமது யாப்பில் இயைபு என்கிறோம். கொக்னிக்காரன், சொல்ல வேண்டிய சொல்லுக்கு இயைபாக முடிகிற ஒரு தொடரை முதலில் பிடிக்கிறான். 'லுக்' என்றால் பார்வை. அதற்கு இயைபு 'புட்சர்ஸ் ஹுக்', அதாவது இறைச்சிக் கடைக்காரனின் கொக்கி. அடுத்து, இயைந்து நின்ற 'ஹுக்'கை வெட்டி எறிகிறான். எஞ்சிய 'புட்சர்ஸ்' என்பதே பார்வை என்றாகிறது. கூட்டாளியைக் குறிக்கும் 'மேட்', 'சைனா பிளேட்' என்ற பீங்கான் தட்டாகி, பிறகு தட்டும் போய் வெறும் 'சைனா' ஆகிறான். தலையாகிய 'ஹெட்', 'லோஃப் ஒஃப் பிரெட்' என்ற பாண் இறாத்தலாகி 'லோஃப்' என்று சுருங்குகிறது. இயைபைத் தரும் சொல்லையே ஒளித்துவிட்டுக் கேட்பவனைத் தேட வைக்கும் வேலை இது. நமது கிராமத்து நொடிகள் செய்வதும் இதைத்தான்.

இனி ஆதாரங்களைப் பார்ப்போம். நாடோடிகளின் வழக்குச் சொற்களைத் தோமஸ் ஹார்மன் 1567 இலேயே பட்டியலிட்டுவிட்டார். பிரான்சிஸ் குரோஸின் கொச்சைமொழி அகராதி 1785 இல் வெளிவந்தது. இயைபை வைத்துச் சொல் கட்டும் இந்த முறை அவற்றில் ஒரு வழக்காக இடம்பெறவில்லை. லண்டன் ஏழைகளின் வாழ்க்கையைப் பதிவு செய்த ஹென்றி மேஹியூவின் நூலில்தான், 1851 இல், இரப்போரின் புதுப்பாணிப் பேச்சு இயைபில் அமைந்தது என்ற தகவல் வருகிறது. 1859 இல் அகராதி வெளியிட்ட ஜோன் கம்டன் ஹொட்டன், அது 12 அல்லது 15 வருடங்களுக்கு முன் புழக்கத்துக்கு வந்ததென்கிறார். அப்படியானால் இது 1840களின் பிள்ளை.

பேசியவர்கள் யார்? தெருவில் பாட்டுப் பாடிப் பாட்டுத்தாள் விற்றவர்களும், வாய்ச்சாலகத்தால் சரக்கு விற்றவர்களும் என்கிறார் ஹொட்டன். இடம் செவன் டயல்ஸ். அது கிழக்கு லண்டனே அல்ல. கொவன்ட் கார்டனுக்கு அருகே உள்ளது. ஜேம்ஸ் கட்னக் என்ற அச்சகக்காரர் 1813 முதல் அங்கிருந்துதான் மலிவுப் பாட்டுத்தாள்களை அடித்துத் தள்ளினார். இயைபை விற்று வயிறு வளர்த்த மனிதர்களின் வாயில் இயைபு விளையாடியிருக்கிறது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

'மறைக்க விரும்பும் சொற்களுக்கு என்று ஹொட்டனே எழுதியிருக்கிறாரே' என்பார்கள். எழுதியிருக்கிறார். வாங்க வந்தவன் முன்னால் இரண்டு வியாபாரிகள் தமக்குள் பூடகமாகப் பேசுவது உலகத்துச் சந்தைகள் எல்லாவற்றிலும் உண்டு, அது களவாகிவிடாது. லண்டன் அங்காடி வியாபாரிகளுக்கு அதற்கென வேறொரு முறையே இருந்தது. 'பென்னி'யைப் பின்னிருந்து 'யெனெப்' என்றும், 'போய்' என்ற பையனை 'யொப்' என்றும் அவர்கள் திருப்பிப் பேசினார்கள். இயைபு வழக்கில் சேர்ந்த சொற்களையும் பாருங்கள்: படிக்கட்டு, கால், தொப்பி, தேத்தண்ணி, மனைவி. படிக்கட்டைப் பொலிசாரிடமிருந்து மறைக்க நினைத்த கள்ளன் யார்? கள்ளர்களும் இதைப் பேசியிருப்பார்கள்தான். அவர்களும் அதே தெருக்களில்தான் குடியிருந்தார்கள். அதனால் மட்டும் ஒரு மொழி கள்ளர் பாஷை ஆகிவிடுமா? 1859 இல் அச்சேறிக் கடைக்கு வந்துவிட்ட பின் அதில் என்ன இரகசியம் மிச்சமிருந்தது?

'கொக்னி' என்ற பெயரே ஏளனத்தில் பிறந்தது. சேவல் இட்ட முட்டை, அதாவது குறை முட்டை என்பது அதன் மூலப்பொருள். பின்னர் அது செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளையையும் நகரத்து நோஞ்சானையும் குறித்தது. 'போ' தேவாலய மணியோசை கேட்கும் எல்லைக்குள் பிறந்தவனே கொக்னி என்ற வரையறை 1617 இல் பதிவானது. 1941 மே மாதம் ஜேர்மன் குண்டுவீச்சில் அந்த மணிகள் அழிந்தன. மீண்டும் ஒலித்தது 1961 இல்தான். இடைப்பட்ட 20 வருடங்களில் கிழக்கு லண்டனில் பிறந்த பிள்ளைகள் எந்தச் சாதி?

1909 இல் லண்டன் ஆரம்பப் பாடசாலைகளின் ஆங்கிலக் கல்வி பற்றிக் கூடிய மாநாட்டின் அறிக்கை, கொக்னிப் பேச்சு அண்மைக்காலச் சிதைவு, முறையான பிறப்புரிமை அற்றது, சாம்ராச்சியத் தலைநகரில் எவரும் பேசத் தகாதது என்று தீர்ப்பளித்தது. அந்த நகரத்தைச் சுமந்த தொழிலாளரின் பேச்சுக்குக் கிடைத்த சான்றிதழ் இது.

நியாயம் கேட்பவர்கள் குறைகளையும் சொல்ல வேண்டும். மனைவியை 'ட்ரபிள் அன்ட் ஸ்ட்ரைஃப்', தொல்லையும் சச்சரவும், என்று அழைக்கும் வழக்கு பெண்ணைக் கேட்டு உண்டானதல்ல. யூதரைக் குறிக்க 'ஃபோர் பை டூ' என்ற தொடர் உண்டு. அயலவனை இழிக்கும் நாக்கு ஏழைக்கும் இருந்தது. இதை மறைத்துவிட்டுப் பாமர மக்களைப் புனிதர்களாக்கும் எழுத்து, அவர்களைக் கள்ளர்களாக்கிய எழுத்தின் மறுபக்கமே.

இன்று நிலைமை மாறிவிட்டது. முன்பு இழித்த பேச்சை இப்போது தேநீர்க் கோப்பையில் அச்சடித்து உல்லாசப் பயணிகளுக்கு விற்கிறார்கள். அதோடு நில்லாமல், வந்தேறிகளால் அசல் கொக்னி அழிந்துவிட்டதாக ஒப்பாரியும் வைக்கிறார்கள். 2011 கலவரங்களுக்குப் பிறகு வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்க்கி பி.பி.சி. தொலைக்காட்சியில் இளைஞரின் பேச்சில் கலந்த ஜமேக்கா வழக்கைக் குற்றக்கூண்டில் நிறுத்தினார். 1909 இன் தீர்ப்பு அப்படியே இருந்தது. குற்றவாளி மட்டும் மாறியிருந்தான். பல இனப் பிள்ளைகள் கூடிப் பேசும் புது லண்டன் ஆங்கிலத்தை போல் கெர்ஸ்வில், ஜெனி செஷயர் முதலிய மொழியியலாளர்கள் 2004 முதல் ஆராய்ந்து, அது சிதைவல்ல, ஒழுங்குள்ள பேச்சு வகை என்று காட்டியிருக்கிறார்கள். 'வல்லாஹி' என்று சத்தியம் செய்யும் முஸ்லிமல்லாத பையன்களும் இன்று அந்த நகரில் உண்டு.

அசல் கொக்னி என்று அழுபவர்களுக்கு ஒரே ஒரு சொல்லை முன்வைக்கிறோம். கறிச் சாப்பாட்டுக்குக் கொக்னிப் பெயர் 'ரூபி'. ரூபி மறே 1955 இல் புகழின் உச்சியில் இருந்த பாடகி. பெல்ஃபாஸ்ட் நகரத்தவர், லண்டன்காரி அல்ல. அவரது 'மறே'க்கு இயைந்து நின்ற ஆங்கிலச் சொல், 'கறி' என்ற நமது தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. கிழக்கு லண்டனின் பிறிக் லேனில் அதைச் சமைத்துப் பரிமாறியவர்கள் பெரும்பாலும் சில்ஹட்டிலிருந்து வந்த வங்காள முஸ்லிம்கள். ஐரிஷ் பெயர், தமிழ்ச் சொல், வங்காளச் சமையல்: இம்மூன்றும் சேர்ந்ததுதான் அவர்களது அசல் கொக்னி.

கொக்னி எக்காலத்திலும் கலப்பில்தான் உயிர் வாழ்ந்தது. வந்தவன் சொல்லை வாங்கித் தன் இயைபில் பூட்டிக்கொண்ட வரைக்கும் அது வளர்ந்தது. அந்தப் பேச்சைக் கள்ளர் பாஷை என்றவர்கள் அதன் படைப்பாளிகளை அவமதித்தார்கள். அதைக் காட்டிப் புதிதாக வந்தவர்களின் வாயை அடைக்க நினைப்பவர்கள், அந்தப் பேச்சையே அவமதிக்கிறார்கள்.