பாலை மட்டும் அளந்தால் போதாது, மடியையும் பாருங்கள்!



விடியக்காலம் பாலைக் கொண்டுபோய் சொசைட்டியில் வைத்தால் கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று மிஷினில் பார்க்கிறார்கள். பாயிண்ட் குறைந்தால் காசைப் பிடிக்கிறார்கள். ஏன் குறைந்தது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. "தண்ணி ஊத்துனீங்களா?" என்று நம்மையே கேட்கிறார்கள்.

சத்து குறையத் தீவனம் ஒரு காரணம். வெளியே தெரியாத மடிநோய் இன்னொரு காரணம். மடி வீங்காது, பால் திரியாது, மாடு நன்றாகத்தான் தின்னும். உள்ளே கிருமி வேலை செய்துகொண்டிருக்கும். பாலும் குறையும், சத்தும் குறையும். ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் கறப்பவர் கையிலும், மடி துடைக்கும் துணியிலும், கறவை மிஷினிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடும்.

போன வருசம் என் கட்டுத்தரையிலேயே நடந்தது. ஒரு கலப்பு ஜெர்சி மாட்டுக்கு இரண்டு மாதம் சத்துக் குறைவென்று பில்லில் பிடித்தார்கள். நானும் தவிடும் புண்ணாக்கும் கூட்டிக் கூட்டி வைத்தேன். மடியில் ஒரு பக்கம் கல்லாக இறுகின பிறகுதான் சங்கதி தெரிந்தது. மூணு காம்பு மாட்டை வியாபாரி பாதி விலைக்குக் கேட்டார். இருபது வருசமாகச் சங்கம் பேசுகிற எனக்கே இந்தக் கதி!

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப் வேண்டியதில்லை. கலிபோர்னியா சோதனை 1957-லேயே வந்துவிட்டது. நாலு குழி உள்ள தட்டில் ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனியாகப் பீய்ச்சி, அதே அளவு சோப்புக் கரைசல் மாதிரியான மருந்தை ஊற்றிச் சுழற்றினால், நோய் உள்ள பால் சளி போலக் கெட்டியாகும். ஒரு நிமிசம்கூட ஆகாது. கேனில் கலந்த பாலில் எந்த மாடு என்று தெரியாது. கட்டுத்தரைக்கு வந்துதான் பார்க்க வேண்டும்.

நாம் கேட்பது:

1. ஒவ்வொரு சொசைட்டியிலும் இந்தத் தட்டும் மருந்தும் வேண்டும். மாதம் ஒருமுறை கறவை மாடுகளுக்கு இலவசமாகச் சோதனை செய்ய வேண்டும்.

2. தொடர்ந்து சத்து குறைந்தால், பாலைத் திருப்பி அனுப்பும் முன் டாக்டரை அனுப்ப வேண்டும்.

3. எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பார்க்கும் செலவை ஒன்றியமே ஏற்க வேண்டும்.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. மாட்டுக்கு மாடு கை கழுவுங்கள். நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறங்கள். கறந்ததும் காம்பை மருந்தில் நனைத்து, தீவனம் போட்டு அரைமணி நேரம் நிற்க வையுங்கள். ஊசி போட்ட மாட்டுப் பாலை, டாக்டர் சொன்ன நாள் முடியும் வரை கேனில் ஊற்றாதீர்கள். அதைக் குடிப்பதும் ஒரு வீட்டுக் குழந்தைதான்.

மின் கட்டணத்துக்காக 1972-ல் நம் அப்பன்மார் கோவைக்குள்ளேயே மாட்டு வண்டி ஓட்டிப் போனார்கள். நாம் சொசைட்டி வாசல் வரைக்குமாவது போவோம். வருகிற பேரவைக் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் எழுந்து கேளுங்கள்!

– செயலாளர்